பனமலையில் மந்தியும் சின்னானும்

செஞ்சிக்குச் செல்வோருள் பெரும்பாலோர் மூன்று மலைகளைக் கண்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய அம்மூன்று குன்றுகளும், அவற்றைப் பிணைத்து நிற்கும் நெடுமதிலும், கல்யாண மகாலும், நெற்களஞ்சியங்களும் ஒரு முழு நாளை விழுங்கிவிடும் என்பது உண்மையே. 1677 இல் சிவாஜி கைப்பற்றியதும், அவர் மைந்தர் இராஜாராம் முகலாயப் படையின் முற்றுகைக்கு ஆண்டுக்கணக்கில் ஈடுகொடுத்து நின்றதும், 1714 இல் தேசிங்கு என்னும் இளைஞன் வீழ்ந்ததும் இம்மண்ணிலேதான். 2025 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இவ்வூருக்கு ஓர் இடமுண்டு. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலத்தில், சேசு சபைக் குருவாகிய நிக்கோலாஸ் பிமெந்தா இங்கே வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், லிஸ்பனை நீக்கிப் பார்த்தால் போர்த்துக்கல் நாட்டிலும் இதற்கு ஈடான நகர் இல்லை என்றும் அவர் எழுதி வைத்தார். அம்மாநகரின் கடைவீதிகள் எங்கே, பல்லக்குகள் எங்கே? உடைந்த கல்லும், காரைமுள்ளும், சீத்தாச் செடியுமாய்க் கிடக்கின்றது கோட்டையின் உட்புறம். நாயக்கர் போயினர், மராட்டியர் போயினர், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போயினர். இடைவிடாது குடியிருந்து வருவோர் குரங்குகளே.

இராஜகிரியின் அடிவாரத்தில் நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்திலேயே அவை நம்மை எதிர்கொள்கின்றன. நாம் சென்ற அன்று, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பிஸ்கட்டுப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழ, எதிரே பெரிய கடுவன் ஒன்று பல்லைக் காட்டி நின்றது. “குடுத்துடு கண்ணு, குடுத்துடு!” என்று தாய் கூவினாள். பொட்டலம் கைமாறியது. அரை நிமிடத்தில் கடுவனின் இரு கன்னங்களும் பந்துபோல் உப்பின. சுற்றி நின்றவர் சிரித்தனர். கைப்பேசியில் படம் பிடித்தனர். கிழிந்த பொட்டலத்தாளை வேறொரு குட்டி எடுத்து நக்கிக்கொண்டிருந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை.

இக்காட்சியை மட்டும் கண்டு திரும்புவோர், நாட்டில் குரங்குக்குப் பஞ்சமே இல்லை என்று எண்ணுவர். நாம் பனமலைக்குப் போகாதிருந்தால் நமக்கும் அதுவே எண்ணமாயிருந்திருக்கும்.

செஞ்சிக்குத் தெற்கே, அனந்தபுரத்தைக் கடந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பனமலை. பனைமலை என்று எழுதுவாரும் உண்டு. வடமொழியில் தாளம் என்பது பனையைக் குறிக்கும். ஆகவே மலைமேல் உள்ள இறைவனுக்குத் தாளகிரீஸ்வரர் என்று பெயர். மலை என்பதும் மரியாதைக்குத்தான்; ஓர் ஏரியின் கரையில் யானைகள் படுத்திருப்பதுபோல் கிடக்கும் பாறைக் குன்று அது. மேலே நிற்கும் கற்றளியை 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியவன் இராஜசிம்ம பல்லவன். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவனும் அவனே. அக்கோயிலைக் கண்டவர்கள் பனமலையின் விமானத்தைப் பார்த்தவுடன் உறவு கண்டுகொள்வர்.

இக்கோயிலின் பக்கத்துச் சிற்றறை ஒன்றில், சுவரிலே, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஓர் அம்மை நிற்கின்றாள். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சுவரிற் பதித்த ஒயில். ஆடுகின்ற சிவனைப் பார்த்து நிற்கும் உமை என்பர். பாண்டிச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் இவ்வோவியத்தை உலகின் பார்வைக்குக் கொணர்ந்தார். நிறம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. எனினும் அம்முகத்தின் கனிவு உதிரவில்லை. பிறர் வழிபடும் இடம் ஆதலின் மிதியடிகளைக் கழற்றிவிட்டு, ஓசையின்றி நின்று பார்த்தோம். நம்முடன் வந்திருந்த மறைக்கல்வி ஆசிரியை நெடுநேரம் அங்கிருந்து நகரவில்லை.

வெளியே வந்தபோதுதான் மற்றக் குடியினரைக் கண்டோம். விமானத்திற்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவில் வேரோடி ஓர் இச்சி மரம் நின்றது. கிளை முழுதும் சிறு பழங்கள். மேற்கிளைகளில் குரங்குகள் அமர்ந்து பறித்துத் தின்றுகொண்டிருந்தன. அடியில் தாழ்ந்த கொம்புகளில் கொண்டைக்குருவிகள், அவற்றைச் சின்னான் என்றும் நம்மவர் சொல்வர், அதே பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. குரங்குகளை எண்ணினோம், குட்டிகளோடு சேர்த்து 11. சின்னான்களை எண்ண முயன்று விட்டுவிட்டோம். ஒன்று அமர்ந்தால் இரண்டு பறக்கும். இரண்டு பறந்தால் புதரிலிருந்து நான்கு குரல் கேட்கும்.

பனமலைக் குரங்குகள் செஞ்சிக் குரங்குகளைப் போல் நம்மிடம் வரவில்லை. நாம் நான்கு அடி எடுத்து வைத்ததும் அவை நான்கு கிளை மேலே ஏறின. இனம் ஒன்றே, வளர்ப்புதான் வேறு.

இவற்றைக் குல்லாய்க் குரங்கு என்பர். உச்சந்தலையில் மயிர் நடுவிலிருந்து சுழன்று நாற்புறமும் படிந்து ஒரு தொப்பியைப் போல் தோன்றுவதால் வந்த பெயர். தென்னிந்தியாவைத் தவிர இவ்வுலகில் வேறெங்கும் இக்குரங்கு இயல்பாக வாழ்வதில்லை. அமெரிக்காவில் இல்லை, ஆப்பிரிக்காவில் இல்லை, கங்கைக் கரையிலும் இல்லை. கோதாவரிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலமே இதன் உலகம். தமிழரைப் போலவே நெடுங்காலத்துத் தென்னாட்டுக் குடி என்று சொன்னால் மிகையாகாது.

பல்லவச் சிற்பிகள் இக்குரங்கை நன்கு அறிந்திருந்தனர். மாமல்லபுரத்தில் பெரும் புடைப்புச் சிற்பப் பாறையின் அருகே தனிக் கல்லிற் செதுக்கிய குரங்குக் குடும்பம் ஒன்று உள்ளது. மந்தி குட்டிக்குப் பாலூட்டி அமர்ந்திருக்க, பின்னால் அமர்ந்த கடுவன் அதன் தலையில் பேன் பார்க்கின்றது. திருக்குடும்பத்தின் படங்கள் எத்தனையோ பார்த்த நமக்கும் அச்சிற்பம் ஒரு நிமிடம் நின்று பார்க்கத் தக்கதாகவே தோன்றும். பனமலை இச்சி மரத்தின் நடுக்கிளையில் அன்று நாம் கண்டதும் அதே காட்சிதான். கடுவனுக்குப் பதில் முதிய மந்தி ஒன்று பேன் பார்த்தது என்பது மட்டுமே வேற்றுமை. ஒரு கூட்டத்தில் பெண்கள் பிறந்த இடத்திலேயே வாழ்நாளைக் கழிக்கின்றன. ஆண்கள் வளர்ந்தபின் வேறு கூட்டம் தேடிச் செல்வதுண்டு. ஆகவே தாய், மகள், பேத்தி என்று தொடரும் பெண்வழியே கூட்டத்தைக் கட்டிக் காக்கின்றது. எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தச் சுனையில் கோடையிலும் நீர் நிற்கும் என்னும் அறிவெல்லாம் அக்கிழவிகளின் தலையில் இருக்கின்றது. சிறுத்தையின் புள்ளித் தோலைக் கண்ட மாத்திரத்தில் இவை அலறி மரமேறுவதை முதுமலைக் காட்டில் ஆய்வாளர் பொம்மைச் சிறுத்தையை வைத்துச் சோதித்து அறிந்திருக்கின்றனர்.

சின்னானைப் பற்றிச் சொல்ல இத்தனை பெருமை இல்லை. கருந்தலை, சிறு கொண்டை, செதில் செதிலாய்த் தோன்றும் பழுப்பு உடல், வாலடியில் ஒரு சிவப்புப் பொட்டு. பறக்கும்போது இடுப்பில் வெண்மை தெரியும். காடு, தோப்பு, கல்லறைத் தோட்டம், பங்குத்தந்தை இல்லத்துச் செம்பருத்திச் செடி எல்லாம் அதற்கு ஒன்றே. குயிலின் புகழோ குண்டுக்கரிச்சானின் இசைநயமோ இதற்குக் கிடையாது. எனினும் விடியலில் இரண்டு மூன்று ஒலிகளை மாற்றி மாற்றிச் சொல்லும் அக்குரலில் ஒரு களிப்பு உண்டு. காலைத் திருப்பலிக்கு ஆலயம் நோக்கி நடப்போர் அனைவரும் அதைக் கேட்டிருப்பர். என்ன பறவை என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இச்சிறு பறவை எங்கெல்லாம் போய்விட்டது என்று அறிந்தால் வியப்பு உண்டாகும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் நாட்டுக் கூலி மக்களோடு பிஜித் தீவுக்கு இது சென்றதாகச் சொல்வர். கூண்டில் ஒரு கொண்டைக்குருவி. ஊரை நினைக்க அது போதுமென்று எண்ணினார்களோ என்னவோ! பின்னர் டோங்கா, ஹவாய் முதலிய தீவுகளிலும் பரவிற்று. அங்கெல்லாம் தோட்டப் பழங்களைக் கொத்தி அழிப்பதாகவும், வேண்டாத செடிகளின் விதையைப் பரப்புவதாகவும் இதன்மேல் குற்றச்சாட்டு. உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் வந்தேறி உயிரினங்கள் நூறு என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் வெளியிட்ட பட்டியலில் நம் சின்னானுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கின்றது! பிறந்த வீட்டில் பிள்ளை. புகுந்த நாட்டில் பகை.

மரம் நட்டு வளர்ப்பதில் இவ்விரண்டும் ஒரே தொழிலாளர். குரங்கு பழத்தை அவசரமாகக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு, அப்பால் போய் அமர்ந்து, நிதானமாக மென்று, கொட்டையைத் துப்பும். பெரிய கொட்டையுடைய பழங்களைத் தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது அதனால் இயலும். சின்னானின் வாய் சிறிது. இச்சி, ஆல், உன்னி முதலிய சிறு கனிகளின் விதையைத்தான் அது விழுங்கி எச்சமிடும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய இயலாது. காட்டில் குரங்கு குறைந்து சின்னான் மட்டும் மிகுந்தால், சிறு விதை மரங்களும் உன்னிப் புதரும் பெருகுமே தவிர, பெருங்கொட்டை மரங்களுக்குக் கூலியாள் இல்லாமற் போகும்.

இனி அவற்றின் குடும்பக் கணக்கைப் பார்ப்போம். நம் வாசகருள் இல்லத்தரசிகள் கணக்கில் வல்லவர்கள், அவர்களே சரிபார்த்துக்கொள்ளலாம். மந்தி ஏறத்தாழ ஐந்தரை மாதம் கருவைச் சுமந்து ஒரே குட்டியை ஈனும். அக்குட்டி பெண்ணானால், அது தாயாக நான்கு ஆண்டுகள் செல்லும். சின்னானோ இரண்டு அல்லது மூன்று முட்டை இட்டு, இரு வாரம் அடைகாத்து, மேலும் இரு வாரத்திற்குள் குஞ்சைப் பறக்கவிட்டுவிடும். ஆண்டுக்கு இரண்டு ஈடு என்று வைத்தாலும், ஈட்டுக்கு மூன்று முட்டை வீதம் நான்காண்டில் 24 முட்டை. பாம்பும், ஓணானும், காகமும், செண்பகமும் மூன்றில் இரண்டு பங்கைத் தின்று தீர்த்தாலும் எட்டுக் குஞ்சுகள் மிஞ்சும். அவை தாமும் மறு ஆண்டே கூடு கட்டத் தொடங்கிவிடும். சாலையில் ஒரு மந்தி வண்டியில் அடிபட்டு இறந்தால் அவ்விழப்பை ஈடுசெய்யக் கூட்டத்திற்கு ஆண்டுகள் வேண்டும். சின்னானுக்கு ஒரு மழைக்காலம் போதும்.

குன்றின் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நம் அருகே வந்து அமர்ந்தார். குரங்குகளைப் பற்றிக் கேட்டோம். முன்னெல்லாம் ஏரிக்கரைப் புளியமரங்களில் பெருங்கூட்டம் இருந்ததாகச் சொன்னார்.

“இப்ப இருக்கறது இதுங்கதான் ஐயா. இதுங்களால தொந்தரவு இல்ல. எங்கேர்ந்தோ புடிச்சி வண்டியில ஏத்தியாந்து, ராவோட ராவா ஏரிக்கரையில வுட்டுட்டுப் போயிடறாங்க பாருங்க, அதுங்கதான் மல்லாட்டைக் கொல்லையில வுழுந்து புடுங்குது. அதுங்களுக்கு மலை தெரியாது, மரம் தெரியாது. என்னா பண்ணும்?”

“வந்த குரங்குகளை இவை சேர்த்துக்கொள்ளுமா, அம்மா?” என்று ஆசிரியை கேட்டார்.

“எங்க சேக்கும்? போன தடவ ஒரு தாயும் குட்டியும். மூணு நாள் அந்தப் பாறையில குந்திக்கினு கத்திச்சி. இதுங்க கிட்டவே வுடல. அப்புறம் காணோம்.”

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்த மூதாட்டி சொன்னதைத்தான் அறிஞரும் வேறு சொற்களில் சொல்லுகின்றனர். ஓர் ஊரில் குரங்குத் தொல்லை என்றால் கூண்டு வைத்துப் பிடித்து வேறோர் இடத்தில் விட்டுவிடுவது நம் நாட்டில் எளிதான தீர்வாகக் கருதப்படுகின்றது. தொல்லை ஒழிந்தது என்று அவ்வூரார் நினைப்பர். அடுத்த ஊருக்கு அது மாறிற்று என்பதே உண்மை. கூட்டம் சிதறுகின்றது, கிழவியின் நினைவில் இருந்த சுனையும் மரமும் குட்டிகளுக்குப் பயன்படாமற் போகின்றன.

இதற்கும் மேலான காரணம் மரம். நம் முன்னோர் பெருவழிகளின் இருமருங்கிலும் ஆலும் புளியும் நட்டனர். வழிப்போக்கருக்கு நிழல் என்று நட்டது குரங்குகளுக்கு வீடும் உணவும் ஆயிற்று. சாலைகள் அகலமாக ஆக அம்மரங்கள் வீழ்ந்தன. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியே கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் முன்னாளில் பேருந்தில் சென்றவர்கள், குகைக்குள் போவதுபோல் இருந்த புளியமர நிழலை மறந்திருக்க மாட்டார்கள். மைசூரு வட்டாரத்துச் சாலைகளில் 25 ஆண்டு இடைவெளியில் ஆய்வாளர் குரங்குகளை எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கும் மேல் குறைந்திருக்கக் கண்டனர். போதாக்குறைக்கு, வடநாட்டு ரீசஸ் குரங்கு கோதாவரியைக் கடந்து தெற்கே இறங்கி, குல்லாய்க் குரங்கின் இடத்தை வாங்கிக்கொண்டு வருகின்றது. 2008 இல் கவலைக்கிடமில்லாத இனம் என்று எழுதி வைத்த பன்னாட்டு ஒன்றியத்தார், பின்னர் அக்குறிப்பை மாற்றி, அழிவை நோக்கி நகரக்கூடிய இனங்களின் வரிசையில் இதனைச் சேர்த்துவிட்டனர். சின்னான் கவலையற்ற வரிசையிலேயே இருக்கின்றது.

அழிந்துவரும் குரங்கு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கையே நாம் நினைப்போம். கரிய உடலும் நரைத்த பிடரியும் கொண்ட அச்சோலைமந்தி காடுகளில் ஏறத்தாழ 4000 அளவிலேயே எஞ்சியுள்ளது என்பர். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட வந்த திட்டத்தை எதிர்த்து 1970களில் மக்கள் குரல் எழுப்பியபோது, அக்குரங்கே அப்போராட்டத்தின் முகமாயிற்று. 1984 இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அதற்கு அத்தகைய பேறு கிடைத்ததற்கு ஒரு காரணம், அதனைக் கண்டவர் சிலரே என்பது. அரியதைக் காக்க மனிதன் முன்வருகின்றான். நாள்தோறும் கண்ணிற் படுவதை அவன் காப்பதில்லை. விரட்டுகின்றான், அல்லது பிஸ்கட்டுப் போடுகின்றான். குல்லாய்க் குரங்குக்கு நேர்ந்த கதி இதுதான். மரம் போனதால் அது சாலைக்கு வந்தது. சாலைக்கு வந்ததால் நம் கண்ணில் மிகுதியாகப் பட்டது. மிகுதியாகப் பட்டதால் பெருகிவிட்டது என்று எண்ணினோம்.

உழவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் விடுவது அறமன்று. மல்லாட்டை விதைத்து, களையெடுத்து, வட்டிக்கு வாங்கி உரமிட்டவன் ஒரு காலைப் பொழுதில் அரைக் காணி நிலம் பிடுங்கப்பட்டுக் கிடப்பதைக் கண்டால், அவனிடம் படைப்பின் மாண்பைப் பற்றிப் பேச நமக்கு வாய் வராது. நம் பங்கு மக்களுள் அத்தகையோர் பலர் உள்ளனர். இழப்புக்கு ஈடு கேட்டு அவர்கள் நடக்கும் நடை நீளமானது. குரங்கைக் காக்க வேண்டுமென்று நகரத்து மாடியிலிருந்து சொல்வது எளிது. அதன் செலவை இரண்டு காணி வைத்திருப்பவன் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது.

இங்கே வேறொரு கடனும் நினைவுக்கு வருகின்றது. 1955 இல் ஜோனாஸ் சால்க் என்பாரின் இளம்பிள்ளை வாதத் தடுப்பூசி வெளிவந்தபோது, அதனைச் செய்யக் குரங்கின் சிறுநீரகத் திசு வேண்டியிருந்தது. அதற்காக இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்யப்பட்டன. 1978 இல்தான் நம் அரசு அதனை நிறுத்தியது. கால் ஊனமின்றி இன்று ஓடியாடும் குழந்தைகள், குரங்கினத்திற்கு எந்த அளவு கடன்பட்டிருக்கின்றனர் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள் சொல்லலாம் என்று ஆசிரியை குறித்துக்கொண்டார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், மனிதரின் செயலால் மறைந்துபோகும் ஒவ்வோர் உயிரினமும் தன் இருப்பினால் இறைவனுக்குச் செலுத்தி வந்த மகிமை நின்றுபோகின்றது என்றும், அவ்வாறு நிறுத்த நமக்கு உரிமை இல்லை என்றும் உரைத்தார். நம் ஆண்டவர் பறவைகளைச் சுட்டிக் காட்டியபோது, சந்தையில் மிக மலிவாக விற்ற சிட்டுக்குருவியைத்தான் சொன்னார். மயிலையோ கழுகையோ அன்று. மலிந்தவற்றின் மேலும் அவர் பார்வை தங்கியது. இதனைப் பனமலைப் பாறையில் அமர்ந்து நினைத்தபோது, செஞ்சிக்கு ஆண்டுதோறும் நம் பங்குகளிலிருந்து செல்லும் இளைஞர் சுற்றுலாக்களும், மறைக்கல்விச் சிறுவர் சுற்றுலாக்களும் நம் முன்னே வந்தன. பேருந்து நின்றவுடன் ரொட்டியும், முறுக்கும், தயிர்சாதத்து மிச்சமும் குரங்குகளுக்கு வீசப்படுகின்றன. இரக்கத்தினால் செய்வதுதான்; அதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாறு ஊட்டப்பெற்ற குரங்கு இச்சி மரத்தை மறந்து வண்டியை எதிர்பார்க்கின்றது. வண்டியை எதிர்பார்க்கும் குரங்கு ஒரு நாள் வண்டியின் அடியிலேயே கிடக்கின்றது. அல்லது பையைப் பறித்து, குழந்தையைக் கீறி, “தொல்லை” என்று பெயர் பெற்று, கூண்டில் ஏறி, யாருடைய ஏரிக்கரையிலோ இரவில் இறக்கப்படுகின்றது. மூன்று நாள் பாறையில் இருந்து கத்திய அத்தாய்க்கும் முதன்முதலில் யாரோ ஒரு பிஸ்கட்டைக் கொடுத்திருக்கக் கூடும்.

ஆகவே செஞ்சிக்குச் செல்லும் குழுக்களை நடத்துவோர் உணவுப் பைகளை வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு மலையேறுவது நன்று. ஒரு முறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை செய்திருக்கின்றது. அவற்றைச் சுற்றுலாவில் மட்டும் மறந்துவிட வேண்டியதில்லை. கையில் கழி ஒன்று வைத்திருந்தால் போதும். ஓங்க வேண்டியதே இல்லை. செஞ்சியை முற்பகலில் முடித்துவிட்டுப் பனமலைக்கு மாலை நான்கு மணியளவில் செல்வது ஏற்றது. அப்போது பாறையின் சூடு தணிந்திருக்கும். அதே வழியில் நேரம் இருப்பவர்கள் மண்டகப்பட்டு, தளவானூர் ஆகிய ஊர்களில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில்களையும் காணலாம். மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி ஆக்கியது என்று அம்மன்னன் பொறித்த கல்வெட்டு உண்டு.

நாம் கீழே இறங்கத் தொடங்கியபோது, கோயிலைத் துப்புரவு செய்பவர் ஒருவர் விமானத்தின் கல்லிடுக்கில் முளைத்திருந்த இச்சிக் கன்று ஒன்றை வேரோடு பெயர்த்துக்கொண்டிருந்தார். சின்னானின் வேலை அது. விட்டுவைத்தால் வேர் பருத்துக் கல்லையே பிளந்துவிடும் என்றும், மாதம் ஒரு முறையாவது இவ்வாறு பிடுங்காவிட்டால் இராஜசிம்மன் கட்டியது நில்லாது என்றும் சொன்னார். பிடுங்கிய கன்றை அவர் எறியவில்லை. ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார். ஏரிக்கரையில் புளியமரங்கள் நின்ற இடத்தில் முன்பு நட்ட மூன்று கன்றுகளைக் காட்டினார். இரண்டை ஆடு கடித்துவிட்டது. ஒன்று முள்வேலிக்குள் ஆள் உயரம் வளர்ந்திருந்தது.